அண்ணாவின் கடைசி 5 மாதங்கள்: பெரிய சிகிச்சைக்குப் பிறகான ஓய்வு ஏன் அவ்வளவு முக்கியம்?

1969 ஜனவரி 14, பொங்கல் நாள். சென்னை தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் சிலை திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் முதலமைச்சர் அண்ணா. மெட்ராஸ் மாநிலம் சட்டப்படி தமிழ்நாடு ஆனதும் அதே நாளில்தான். அண்ணாவுக்கு நியூயார்க்கில் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்து அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. உடல் இளைத்திருந்தது, குரல் தளர்ந்திருந்தது. ஓய்வில் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கண்டிப்பான அறிவுரை. அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான். அதன் பிறகு 20 நாட்கள்தான் இருந்தார்.

தமிழ்நாட்டில் இதைத் தியாகக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். உடம்பைப் பார்க்காமல் கடமையைப் பார்த்தவர் என்பதுதான் வழக்கமான வரி. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து போன வாரம்தான் வீடு திரும்பிய ஒருவர் இந்தக் கதையைக் கேட்டால் என்ன எடுத்துக்கொள்வார்? நாமும் எழுந்து நடமாட வேண்டும், லேப்டாப்பைத் திறந்து வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தால் அது ஆபத்து.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அண்ணாவுக்கு வந்தது உணவுக்குழாய் புற்றுநோய். அதற்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜை செயலிழப்பு போன்றவற்றுக்குத்தான் அது. இரண்டும் வேறு வேறு நோய்கள். ஆனால் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வரும் மாதங்கள் இருக்கின்றனவே, அவை எல்லாப் பெரிய சிகிச்சைக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கடினமானவை. வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத் தெரிவார். உள்ளே உடல் இன்னும் பாதி வழியில்தான் இருக்கும்.

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை

காஞ்சிபுரம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் பழைய ஆட்கள் அதை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். சிவன் கோயில்கள் நிறைந்த பெரிய காஞ்சி, வரதராஜப் பெருமாள் இருக்கும் சின்ன காஞ்சி, மூன்றாவதாக வேகவதி ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் ஜின காஞ்சி. இந்த மூன்றாவதுதான் திருப்பருத்திக்குன்றம். சமணர் கோயிலும் அதன் கூரையில் உள்ள பழைய ஓவியங்களும் இருக்கும் ஊர். பெயரிலேயே பருத்தி இருக்கிறது. நகரத்துக்குப் பட்டால் புகழ் வந்தாலும் நூலும் தறியும்தான் இந்த மண்ணின் அடிப்படை.

அண்ணா பிறந்தது 1909 செப்டம்பர் 15 அன்று, கைத்தறியை நம்பி வாழ்ந்த செங்குந்தர் சமூகத்தில். அப்பா நடராஜன், அம்மா பங்காரு அம்மாள். ஆனால் அவரை வளர்த்தெடுத்தவர் சிற்றன்னை ராஜாமணி அம்மாள். தொத்தா என்றுதான் அண்ணா அவரை அழைப்பார். வீட்டில் பணம் புரளவில்லை. பச்சையப்பன் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு நகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. ஹானர்ஸ், எம்.ஏ. முடித்தார். படிக்கும்போதே 1930-ல் ராணி அம்மையாருடன் திருமணம் நடந்தது.

1934-ல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தார். அதன் பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்த வரலாறு. 1938 இந்தி எதிர்ப்பில் சிறை, 1942-ல் காஞ்சிபுரத்திலிருந்து திராவிட நாடு வார இதழ், மேடை நாடகங்கள், சினிமா வசனம், 1949 செப்டம்பர் 17-ல் தி.மு.க. தொடக்கம். 1953-ல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, கட்சிக்காரர்கள் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். அண்ணாவும் விற்றார். அந்தப் பிரச்சினை அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

1957-ல் காஞ்சிபுரத்தில் ஜெயித்து சட்டமன்றம் போனார். 1962-ல் கட்சி 50 இடங்களைப் பிடித்தது, ஆனால் சொந்த ஊரிலேயே அவர் தோற்றார். மாநிலங்களவைக்குப் போனார். 1967 மார்ச் 6 அன்று முதலமைச்சர் ஆனார்.

இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் பயணம்

முதலமைச்சராக அவருக்குக் கிடைத்தது இரண்டு வருடம்கூட இல்லை. அதற்குள் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம், சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி, 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம், அதே மாதம் சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு என்று வேலைகள் வரிசையாக நடந்தன. அந்த வருடமே யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பில் அமெரிக்காவும் போய் வந்தார்.

உடம்பைப் பொறுத்தவரை அவர் நல்ல முன்னுதாரணம் இல்லை. ராத்திரி வெகுநேரம் படிப்பார், எழுதுவார். கூட்டத்துக்கு நள்ளிரவில் போய்ச் சேர்வது சாதாரணம். சாப்பாட்டுக்கு நேரம் காலம் கிடையாது. மூக்குப்பொடியும் வெற்றிலை பாக்கும் கூடவே இருக்கும். புகையிலை எந்த வடிவில் வந்தாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய்க்கான ஆபத்தைக் கூட்டும் என்பது இன்று உறுதியாகத் தெரிந்த விஷயம். பாக்கும் அப்படியே. ஒரு தனிமனிதருக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று கை நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து இருந்தது, அது கூடவே நடந்தது.

1968-ன் நடுவில் சாப்பாடு விழுங்குவது கஷ்டமானது. உணவுக்குழாய் புற்றுநோயின் பெரிய தொல்லையே இதுதான். குழாயின் உள் அகலம் கணிசமாகக் குறைந்த பிறகுதான் அடைப்பு தெரிய ஆரம்பிக்கும். முதலில் கெட்டியான உணவு, பிறகு குழைவான சோறு, கடைசியில் தண்ணீர்கூட இறங்காது. விழுங்குவதில் சிரமம் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் எண்டோஸ்கோபி செய்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நியூயார்க், செப்டம்பர் 1968

செப்டம்பரில் அண்ணா நியூயார்க் போனார். மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. கையில் இருந்த புத்தகத்தை முடிக்க வேண்டும் என்பதற்காக அறுவை சிகிச்சையை ஒரு நாள் தள்ளிவைக்கச் சொன்னார் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அதைக் கேட்டு ஆச்சரியப்படுவதில்லை.

அந்தக் காலத்து மருத்துவம் எங்கே நின்றது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சி.டி. ஸ்கேன் இல்லை. அது மனிதர்களுக்கு வந்தது 1971-ல். அதனால் நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதை வயிற்றையோ மார்பையோ திறக்காமல் முழுசாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. வாய் வழியாகச் சாப்பிட முடியாதவருக்கு ரத்தக் குழாய் வழியாக முழு ஊட்டச்சத்தையும் கொடுக்கும் முறை அப்போதுதான் அறிமுகமாகிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை, கோபால்ட் கதிர்வீச்சு, சில கீமோதெரபி மருந்துகள், அவ்வளவுதான் கையில் இருந்தவை.

மஜ்ஜை மாற்று சிகிச்சை வரலாற்றில் திருப்பம் வந்ததும் இதே 1968-ல்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் ராபர்ட் குட் தலைமையிலான குழு, பிறவியிலேயே நோய் எதிர்ப்புத் திறன் இல்லாத ஒரு கைக்குழந்தைக்கு அதன் அக்காவின் மஜ்ஜையைச் செலுத்திக் காப்பாற்றியது. இரட்டையர் அல்லாத இருவருக்கு இடையே நடந்த மாற்று சிகிச்சை நிலைத்து வெற்றி பெற்றதற்கு அதை முதல் உதாரணமாகச் சொல்கிறார்கள். ராபர்ட் குட் பிறகு 1973-ல் ஸ்லோன் கெட்டரிங் ஆராய்ச்சி நிலையத்துக்கே தலைவராக வந்தார்.

அதற்கு முந்தைய முயற்சிகள் சோகமானவை. டொனால் தாமஸ் 1957-ல் 6 நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்திய அனுபவத்தை வெளியிட்டார். அவர்களில் ஒருவர்கூட 100 நாட்களைத் தாண்டவில்லை. பல வருட உழைப்புக்குப் பிறகு அவருக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல் தொடங்கியது.

வீடு திரும்பிய முதலமைச்சர்

அண்ணா நவம்பரில் சென்னை திரும்பினார். கூட்டம் திரண்டது. நலம் விசாரிக்க வந்தவர்களுக்குக் கணக்கில்லை. அமைச்சர்கள், கட்சிக்காரர்கள், ஊர்க்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் என எல்லோருக்கும் அவரைப் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் நிம்மதி. வந்தவர் யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. ஆனால் சிகிச்சையில் களைத்துப்போன உடம்புக்கு ஒவ்வொரு சந்திப்பும் ஒரு செலவு. பேச வேண்டும், சிரிக்க வேண்டும், எழுந்து உட்கார வேண்டும், நன்றாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 1 அன்று பாலர் அரங்கத்தில் தமிழ்நாடு பெயர் மாற்ற விழா. போக வேண்டாம் என்று சொல்லப்பட்டும் போனார், பேசினார். அது அவர் வாழ்நாள் கோரிக்கை. 1967 ஜூலையில் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, நாடாளுமன்றத்தில் சட்டமாகி வந்த வெற்றி. அந்த மேடையில் அவர் இல்லாமல் இருக்க முடியாது என்பது புரிகிறது.

டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். ஆட்சியின் தலைவர் படுக்கைக்கும் கோப்புக்கும் நடுவில் இருந்த நேரம் அது. அமைச்சர்களை அந்த ஊருக்கு அனுப்பினார். ஓய்வு எடுங்கள் என்று ஒரு முதலமைச்சரிடம் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. உடம்பை நாற்காலியில் உட்கார வைக்கலாம். இப்படி ஒரு செய்தி வந்து சேரும்போது மனசை எங்கே உட்கார வைப்பது?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அண்ணா ஓய்வெடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. நோய் திரும்பி வந்தது. அந்த நோயில், அந்தக் கட்டத்தில், அந்தக் காலத்து மருத்துவத்தில் வாய்ப்பு குறைவுதான். ஓய்வு எடுத்திருந்தால் கடைசி மாதங்களின் வலியும் களைப்பும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். அதற்கு மேல் எதையும் ஏற்றிச் சொல்வது சரியாக இருக்காது. ஆனால் மஜ்ஜை மாற்று சிகிச்சையில் கணக்கே வேறு. அங்கே நோயை வென்ற பிறகும் கவனக்குறைவால் வரும் ஒரு தொற்று உயிரை எடுத்துவிடும். அங்கே வீட்டு ஓய்வும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

100 நாள் என்றால் என்ன?

மஜ்ஜை மாற்று சிகிச்சையில் முதலில் கடுமையான கீமோதெரபியால், சிலருக்குக் கதிர்வீச்சாலும், பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். பிறகு ரத்தம் ஏற்றுவதுபோலவே நரம்பு வழியாக ஸ்டெம் செல்கள் உள்ளே போகின்றன. அவை எலும்புக்குள் போய் வேர் பிடித்துப் புது ரத்த அணுக்களை உண்டாக்க 2 முதல் 4 வாரம் ஆகும். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஏறி நிலைத்ததும், மற்றவையும் சரியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரிப்போர்ட்டில் எண்ணிக்கை நார்மல் என்று இருக்கும். வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் எண்ணிக்கை வந்ததே தவிர, அந்த அணுக்களுக்கு அனுபவம் இல்லை. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவும், இத்தனை வருடம் சந்தித்த கிருமிகளின் நினைவும் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். எதிர்ப்புத் திறனைப் பொறுத்தவரை 35 வயது ஐ.டி. ஊழியரும் அப்போது பிறந்த குழந்தை மாதிரிதான். சொந்த ஸ்டெம் செல்லைப் பயன்படுத்தியவருக்கு இது சில மாதங்களில் ஓரளவு தேறும். வேறொருவரின் செல்லைப் பெற்றவருக்கு ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடமோ அதற்கு மேலோகூட ஆகும்.

இதில் முதல் 100 நாட்கள் மிக ஆபத்தானவை. தொற்று ஒரு பக்கம். வேறொருவரின் மஜ்ஜை என்றால், வந்த செல்கள் புது வீட்டையே எதிரியாக நினைத்துத் தாக்கும் ஆபத்து இன்னொரு பக்கம். தோலில் தடிப்பு, வாய்ப்புண், தொடர்ந்து வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாவது எல்லாம் அதன் அடையாளங்களாக இருக்கலாம். 100 நாளோடு இது முடிந்துவிடாது, பிறகு நாள்பட்ட வடிவிலும் வரும். அதனால் 101-வது நாள் பார்ட்டி வைத்துக் கொண்டாடுவதற்கான நாள் இல்லை.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் யோசிக்கவே கூடாது. உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும், உடனே மருத்துவமனைக்குப் பேச வேண்டும். டாக்டரிடம் கேட்காமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுப்பதுதான் பெரிய தவறு. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்று உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூச்சுத் திணறல், குளிர் நடுக்கம், ரத்தக் கசிவு ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

தறி உள்ள வீட்டுக்குத் திரும்பினால்

மருத்துவமனைகள் தரும் அறிவுரைப் புத்தகங்கள் பெரும்பாலும் நகரத்து அடுக்குமாடி வீட்டை மனதில் வைத்து எழுதியவை. திருப்பருத்திக்குன்றம் மாதிரி ஊரில், தறி போட்ட வீட்டுக்கு ஒருவர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். குழித்தறி என்றால் தரையில் பள்ளம் தோண்டி அதில் காலை விட்டு உட்கார வேண்டும். ஈர மண், வெளிச்சம் குறைவு, நூல் தூசி. மண்ணிலும் ஈரச் சுவரிலும் இருக்கும் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை சாதாரண ஆளை ஒன்றும் செய்யாது. எதிர்ப்புத் திறன் இல்லாதவரின் நுரையீரலில் அது வளர ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் தறி ஓடும் அறையில் படுக்கை போடக் கூடாது. தறியில் திரும்ப எப்போது உட்காரலாம் என்பதை ரத்தப் பரிசோதனையையும் மருந்துகளையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பழைய சுவரை இடிப்பது எல்லாம் நோயாளி வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தோட்ட வேலை, புறா, கோழிக் கூண்டு சுத்தம் செய்வது கூடாது.

சாப்பாட்டில் விதி எளிது. வீட்டில் சமைத்தது, நன்றாக வெந்தது, சூடாக அப்போதே சாப்பிடுவது. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மதியம்வரை வைத்துச் சாப்பிடக் கூடாது. காஞ்சிபுரம் இட்லி பிடிக்கும் என்றால் வீட்டில் அவித்துச் சுடச்சுடச் சாப்பிடலாம், டாக்டர் தடுக்காத வரை. கோயிலில் திறந்து வைத்திருக்கும் பிரசாதம், கடைக் கரும்புச்சாறு, தோலோடு சாப்பிடும் பழம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிக்க வேண்டும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மாதிரி மருந்து சாப்பிடுபவர்கள் பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் பழங்களைத் தொடக் கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவை அவை தாறுமாறாக ஏற்றிவிடும். தெரிந்தவர் சொன்னார் என்று கஷாயம், லேகியம் ஆரம்பிப்பதும் அப்படித்தான். டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் உள்ளே போகக் கூடாது.

விருந்தினர் விஷயம்தான் குடும்பங்களுக்கு மிகக் கஷ்டம். பார்க்க வராமல் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று உறவினர் நினைப்பார்கள். வர வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். இதில் நோயாளியைப் பேச விடக் கூடாது. வீட்டில் ஒருவர் அந்தக் கெட்ட பெயரை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். சளி, இருமல், காய்ச்சல், அம்மை உள்ளவர்களுக்கு வாசலோடு நிறுத்தம். மற்றவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் போட்டு, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். வீட்டில் இருப்பவர்கள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நோயாளிக்குப் பெரிய உதவி. கல்யாணம், திருவிழா, சினிமா தியேட்டர், நெரிசலான பஸ் எல்லாம் டாக்டர் சொல்லும்வரை காத்திருக்கட்டும். கருட சேவை அடுத்த வருடமும் வரும்.

வேலைக்கு எப்போது திரும்பலாம்?

இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். லீவ் தீர்ந்துபோகிறது, இ.எம்.ஐ. நிற்கவில்லை, டீம் லீடர் வாரம் ஒருமுறை நலம் விசாரிக்கிறார். பலரும் 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் திரும்புகிறார்கள். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இதற்கு ஒரே அளவுகோல் கிடையாது. வீட்டிலிருந்தே வேலை என்றாலும் முதலில் தினம் ஓரிரு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டு போவது நல்லது. இந்தக் களைப்பு தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. மாடிப்படி ஏறுவதே ஒரு நாள் வேலையாகத் தெரியும். அதைச் சோம்பல் என்று வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது சொன்னால் அது அநியாயம். படுத்தே கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. வீட்டுக்குள் தினமும் கொஞ்சம் நடப்பது தசை கரையாமல் காக்கும்.

மனசு தளர்வதும் சிகிச்சையின் பின்விளைவுதான். மாதக்கணக்கில் ஒரே அறை, ஒரே முகங்கள், ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் பயம். தூக்கம் போய்விட்டது, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தடுப்பூசிகளை முதலிலிருந்து போட வேண்டும். செயலிழக்கச் செய்த கிருமிகளால் ஆனவற்றைப் பொதுவாக 6 முதல் 12 மாதங்களில் ஆரம்பிப்பார்கள். எம்.எம்.ஆர். மாதிரி உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசியை 2 வருடத்துக்கு முன் போடுவதில்லை. அப்போதும் எதிர்ப்புத் திறனை அடக்கும் மருந்துகள் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

1969 பிப்ரவரி 3

அண்ணாவுக்கு ஜனவரி பிற்பாதியில் மறுபடியும் உணவு இறங்காமல் போனது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. அவர் அதற்கு ஆறு மாதம் முன்பு, 1968 ஜூலையில்தான் காலமாகியிருந்தார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அங்கே மருத்துவத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே ரோட்டில் ராப்பகலாக மக்கள் காத்திருந்தார்கள்.

பிப்ரவரி 3 அதிகாலை, நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அண்ணா மறைந்தார். வயது 59. ராஜாஜி மண்டபத்திலிருந்து மெரினா வரை இறுதி ஊர்வலத்தில் வந்த கூட்டத்தை எண்ண முடியவில்லை. லட்சங்களில் தொடங்கி ஒன்றரைக் கோடி வரை கணக்குச் சொல்கிறார்கள்.

அதே 1969-ல் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. சுற்றுவட்டார நெசவாளர்களும் விவசாயக் கூலிகளும் கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் இன்றும் வருகிற இடம் அது. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குச் சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சைக்கும் இடம் இருக்கிறது. ஆனால் அதன் பிறகு வரும் மாதங்களின் வாடகை, பஸ் செலவு, கூடவே இருப்பவர் இழக்கும் கூலி ஆகியவற்றைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்வது நல்லது. முதல் 100 நாட்கள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள், அதற்கு வீடு பார்க்கும் வேலையும் அப்போதே ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும்.